மூடாத லேப்டாப்

எங்கள் வீட்டுக்காரர் நடேசன், ஃபோன் சார்ஜரைக் கையில் பிடுங்கி வைத்துக்கொண்டே "சுவிட்சை அணைச்சியா?" என்று கேட்கிற மனிதர். இரண்டு நாள் ஊருக்குப் போனால்கூட ஃபிரிட்ஜை நிறுத்திவிடலாமா என்று யோசிப்பவர். அப்படிப்பட்டவருடைய லேப்டாப் புதன்கிழமையிலிருந்து சாப்பாட்டு மேசையில் சார்ஜரோடு திறந்தபடியே கிடந்தது. சாம்பார்ப் பாத்திரம் வைக்க இடம் வேண்டுமே என்று நான் அதை மூடப் போனேன்.

"தொடாதே கோமளா. மூடவும் மூடாதே. அப்டேட் ஓடுது" என்றார்.

எந்த ஊர் அப்டேட் இரவும் பகலுமாக ஓடுகிறது? வாய்வரை வந்ததை முழுங்கிக்கொண்டு, சாம்பாரை அடுப்படி மேடையிலேயே வைத்தேன். சந்தேகம் வந்தால் உடனே கேட்டுவிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. கேட்டால் எதிராளி சுதாரித்துக்கொள்வான். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் நான் டெஸ்டர். மற்றவர்கள் செய்துவைத்ததைத் தட்டித் தட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்ல வேண்டும். "எல்லாம் பக்காவா இருக்கு மேடம்" என்று ஒருவன் சொன்னாலே எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும்.

ஆனால் வீட்டில் அப்படி இருக்கக் கூடாது என்று கட்டுப்படுத்திக்கொண்டுதான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன்.

எங்கள் குடியிருப்பு மாங்காட்டில் இருக்கிறது. 'லேக் வியூ' என்று பெயர் வைத்த புண்ணியவான் எங்கிருந்து ஏரியைப் பார்த்தானோ தெரியாது. மொட்டை மாடியில் ஏறி எக்கி நின்றாலும் செம்பரம்பாக்கம் தெரியாது, கிடங்குகளின் தகரக் கூரைதான் தெரியும். ஊருக்கே தண்ணீர் கொடுக்கிற ஏரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் லாரித் தண்ணீருக்கு வாசலைப் பார்க்கிறோம். லாரிக்காரர் வந்து தரைக்கடியில் இருக்கிற தொட்டியில் ஊற்றுவார். மோட்டார் போட்டு அதை மேல்தொட்டிக்கு ஏற்ற வேண்டும். அடித்தொட்டி காலியாக இருக்கும்போது மோட்டார் ஓடினால் எரிந்துபோகும்.

ஒரு முறை மூன்றாம் மாடி ஸ்ரீகாந்த் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனான். எரிந்துவிட்டது. சங்கத்துச் செயலாளர் எங்கள் வீட்டுக்காரர்தான். அந்தப் பையனை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். "படிச்சவன்தானே நீ? பொறுப்பு வேணாம்?" அதோடு நிற்காமல் மோட்டார் ரூம் கதவுக்கு நம்பர் பூட்டு ஒன்றை வாங்கிப் போட்டார். ஆளுக்கொரு தனி நம்பர். யார் எப்போது திறந்தாலும் ஒரு வெப்சைட்டில் பெயரோடு தானாகப் பதிவாகிவிடும். பார்க்கலாம், மாற்ற முடியாது என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். பார்ப்பதற்கான பாஸ்வேர்டும் இவர் ஒருவரிடம்தான் இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை பிற்பகல் மோட்டார் மறுபடியும் எரிந்தது. சாயங்காலம் கட்டடம் முழுக்கக் குழாயில் காற்று. மறுநாள் காலை இவர் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டார். செவ்வாய், பிற்பகல், மோட்டார் ரூம் திறப்பு என்று இருந்தது. பக்கத்திலேயே பெயர்: கன்னியம்மா.

கன்னியம்மாதான் எங்கள் படிக்கட்டு, மொட்டை மாடி, மோட்டார் ரூம் எல்லாம் பெருக்கித் துடைப்பவள். அதற்காக அவளுக்கும் ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள். இதே கட்டடத்தில் எங்கள் வீடு உட்பட ஐந்து வீடுகளில் பாத்திரம் விளக்குகிறாள். பின் தெருவில் வீடு. சங்கம் அவளை நிறுத்தினால் ஐந்து வீடும் சேர்ந்து நிறுத்திவிடும், அது எழுதாத சட்டம். 'மாங்காடு லேக் வியூவில் தப்புப் பண்ணி வெளியே அனுப்பினாங்க' என்ற பேச்சு பக்கத்துக் கட்டடங்களுக்குப் போக அரை நாள் போதும்.

குழுவில் கட்டைவிரல்கள் வரிசையாக நிமிர்ந்தன. கீழ்வீட்டு ரேவதி, 'நம்பி நம்பர் கொடுத்தோம் பாருங்க, நம்மளச் சொல்லணும்' என்று எழுதினாள். சங்கத் தலைவர் ராஜசேகரன் ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் முறைப்படி செய்பவர். 'ஞாயிறு கூட்டத்தில் முடிவு எடுப்போம்' என்று போட்டார். அந்த வெப்சைட்டைத் திறந்து காட்டுங்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. படம் வந்துவிட்டது, போதும்.

கேட்டது கன்னியம்மா மட்டும்தான். அன்று பாத்திரம் விளக்க வந்தவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"சார், செவ்வாக்கெயமை மத்தியானம் நான் என் ஊட்ல துணி தொவச்சிகினு இருந்தேன். அந்த ரூமாண்டயே போவல. என் பேரு அதுல கீதுன்னா எனக்குக் காட்டு. ஃபோன்ல வந்த போட்டோ வாணாம். அந்தப் பொட்டிலயே காட்டு. பாத்துட்டு நான் என் வழிய பாத்துகினு போறேன்."

"ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் காட்டறேன்" என்றார் இவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

லேப்டாப் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் திறந்துதான் இருந்தது. சட்டென்று திருப்பிக் காட்டியிருக்கலாம். எதையும் தள்ளிப்போடத் தெரியாத மனிதர் ஏன் தள்ளிப்போடுகிறார் என்று எனக்குள் ஒன்று முணுமுணுத்தது. சும்மா இரு என்று அதட்டி உட்காரவைத்தேன்.

வியாழக்கிழமை ஆபீசில் அது எழுந்துகொண்டது.

எங்கள் டீமுக்கு ஜெகதீஷ் என்ற பையன் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸ் பற்றி வாரம் ஒரு வகுப்பு எடுக்கிறான். நாம் தினமும் பார்க்கிற வெப்சைட்டின் உட்புறத்தைப் பிரித்துக் காட்டுகிற கருவி அது. எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் இருக்கிறது, யாரும் திறப்பதில்லை. எஃப்-12 பட்டனைத் தட்டினால், அல்லது ஏதாவது ஒரு எழுத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' என்று கொடுத்தால், பக்கவாட்டில் ஒரு பேனல் திறக்கும். வெப்சைட்டில் இருக்கிற ஒவ்வொரு வரியும் அதில் இருக்கும். எந்த வரியையாவது இரண்டு தட்டு தட்டி நம் இஷ்டத்துக்கு மாற்றி எழுதலாம். திரையிலும் அப்படியே மாறிவிடும்.

"ஆனா மேடம், இது உங்க கண்ணுக்கு மட்டும்தான்" என்று முதல் வகுப்பிலேயே ஜெகதீஷ் சொன்னான். "வெப்சைட் எங்கயோ சர்வர்ல இருக்கு. நீங்க மாத்தறது உங்ககிட்ட வந்த காப்பியை. எஃப்-5 தட்டி ரிஃப்ரெஷ் பண்ணினா பழையபடி ஒரிஜினல் வந்துடும்."

அந்த முதல் வகுப்பு நடந்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு செய்திப் பக்கத்தின் தலைப்பை 'மாங்காட்டில் இனி தினமும் தண்ணீர்' என்று மாற்றிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "நகரு, நான் பண்றேன்" என்று மவுசைப் பிடுங்கிக்கொண்டு அவரே நாலைந்து தலைப்பை மாற்றினார். அவ்வளவு ஒட்டி உட்கார்ந்து நாங்கள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. காபியை ஆறவிட்டுவிட்டோம்.

அது மோட்டார் எரிவதற்கு முந்தின வாரம்.

இந்த வியாழக்கிழமை ஜெகதீஷ் வேறொன்றைக் காட்டினான். "பேனலை சைடுல திறந்தீங்கன்னா, பேஜ் ஒல்லியாயிடும். பாருங்க, மேல இருந்த மெனு எல்லாம் மடங்கி மூணு கோடா ஆயிடுச்சு. இடம் இல்லைன்னா, ஃபோன்ல தெரியற மாதிரி மாத்திக்கும். புதுசா பாக்கறவங்க பயந்துடுவாங்க."

மேசைக்கு அடியில் ஃபோனை எடுத்து அந்த ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்தேன். லேப்டாப்பில் எடுத்த படம்தான், மேலே பிரவுசரின் டேபுகள் தெரிந்தன. ஆனால் பக்கத்தின் தலையில் மெனு இல்லை. மூன்று கோடு இருந்தது. படத்தின் வலது பக்கம் நறுக்கென்று வெட்டப்பட்டிருந்தது.

"மேடம், புரியலையா?" என்றான் ஜெகதீஷ்.

"நல்லாவே புரியுது" என்றேன்.

பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் வக்கீல் வேலை பார்த்துக்கொண்டே வந்தேன். பிரவுசரைச் சின்னதாக்கி வைத்திருந்தாலும் மூன்று கோடு வரும். படத்தை யாரும் வெட்டலாம். இதெல்லாம் சாட்சியா? சரி, செவ்வாய்க்கிழமை தலைவலி என்று அரை நாள் லீவு போட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்து தூங்கியதாக அவரே சொன்னாரே? தலைவலி யாருக்கும் வரும். லேப்டாப்பை மூடாமல் வைத்திருக்கிறாரே? அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. மாற்றி எழுதியதைக் கலையாமல் வைத்திருக்க வேண்டும் என்றால், அந்தப் பக்கத்தை மூடவே கூடாது.

வீட்டுக்கு வந்து அவரைப் பார்க்கப் பார்க்க எல்லாமே சந்தேகமாகத் தெரிந்தது. தண்ணீர் குடிக்கப் போனாலும் மேசைப் பக்கம் ஒரு பார்வை. காலிங் பெல் அடித்தால் முதலில் லேப்டாப் பக்கம் ஓரடி, பிறகு கதவுப் பக்கம். வெள்ளிக்கிழமை மின்சாரம் போனபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. லேப்டாப்பில் சார்ஜ் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் விசிறி மட்டையைத் தேடினார்.

சனிக்கிழமை காலை கன்னியம்மா வழக்கம்போல வந்தாள். வழக்கம்போலப் பேசவில்லை. குழாயில் தண்ணீர் இல்லாததால் குடத்துத் தண்ணீரில் பாத்திரத்தை அலசிக் கவிழ்த்துவிட்டு, "யம்மா, நீ கம்பூட்டர் வேலதானே பண்ற? அது தப்பா காட்டாதா? உனுக்குத் தெரியாதா?" என்றாள்.

"பாக்கலாம் கன்னியம்மா" என்றேன்.

பாக்கலாமாம். என்ன பேச்சு அது. கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக ஒரு வார்த்தை. அவள் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள்.

அவள் போனதும், இவர் பூந்தமல்லிக்குக் காய் வாங்கப் போனார். போகும்போதும் "மேசையைத் துடைக்கறேன் பேர்வழின்னு எதையும் நகர்த்தாதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். மவுசை அசைத்ததும் திரை வெளிச்சமானது. அந்தப் பக்கம்தான். பேனல் இல்லை, மெனு முழுசாக விரிந்திருந்தது. செவ்வாய், பிற்பகல், கன்னியம்மா. அப்டேட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

எஃப்-5 மேல் விரலை வைத்தேன். ஒரு தட்டுத் தட்டினால் தெரிந்துவிடும்.

தட்டவில்லை. இங்கே தட்டினால் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு மட்டும் தெரிந்தால், அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, 'மானம் போயிடும் கோமளா, அவளுக்கு வேற இடத்துல வேலை பாத்துக் குடுத்துடலாம்' என்பார். நான் கொஞ்ச நேரம் கத்துவேன். அப்புறம் வாயை மூடிக்கொள்வேன். அவர்மேல் இருந்ததைவிட எனக்கு என்மேல்தான் சந்தேகம் அதிகமாக இருந்தது.

எழுந்து வந்து பூஜை அலமாரி முன்னால் நின்றேன். ரிஃப்ரெஷ் பண்ணினாலும் அந்தப் பெயர் அப்படியே நிற்கட்டும், தாயே என்று வேண்டிக்கொண்டேன். கும்பிட்ட கையை இறக்கிய பிறகுதான் உறைத்தது. ஐந்து வீட்டுப் பாத்திரம் விளக்குகிறவள் பொய் சொல்லியிருக்க வேண்டும், என் புருஷன் சொல்லியிருக்கக் கூடாது என்றல்லவா கேட்டிருக்கிறேன். என்னைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம். இவர் லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கையாலும் ஏந்தி, ஆரத்தித் தட்டு கொண்டுவருவது போல லிஃப்டில் இறங்கிவந்தார். ஸ்டூலில் வைத்துத் திருப்பினார். ராஜசேகரன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். ரேவதி பார்த்தாள். ஸ்ரீகாந்த் தூரத்திலேயே நின்றான்.

"வாம்மா, நீயே பாரு" என்றார் ராஜசேகரன்.

கன்னியம்மா கிட்டே வந்தாள். சங்கத்தில் பெயர்களைத் தமிழில்தான் ஏற்றியிருந்தோம். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"என் பேருதான் சார். ஆனா நான் இல்ல."

"எழுதியிருக்கே மா."

"எழுதிகீது. நான் இன்னா பண்ணட்டும்? நான் போவல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். ராஜசேகரன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப நாளையிலேர்ந்து நீ வர வேணாம்மா. வீட்டு வேலையும் அவங்கவங்க முடிவு பண்ணிக்கட்டும்."

நான் எழுந்தேன். "ஒரு நிமிஷம் சார்."

ஸ்டூல் பக்கம் போனேன். இவர் குறுக்கே வந்தார். "கோமளா, தொடாதே."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். புதன்கிழமை சாம்பார்ப் பாத்திரத்தோடு நின்றபோது கேட்ட அதே குரல். அதில் இருந்தது அதட்டல் இல்லை, பயம். அவரைச் சுற்றிக் கையை நீட்டி எஃப்-5 தட்டினேன்.

திரை வெள்ளையானது. சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. பிறகு எல்லா வரிகளும் திரும்பி வந்தன. செவ்வாய், பிற்பகல், நடேசன்.

முதலில் ரேவதிதான் வாயைத் திறந்தாள். "என்ன மேடம் பண்ணீங்க? கண் முன்னாலேயே பேரை மாத்திட்டீங்களே?"

நாலு நாள் பொய்யைக் கட்டைவிரல் காட்டி வரவேற்றவர்கள், உண்மையைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினார்கள். இவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"அதானே? இவ ஐ.டி.ல இருக்கா. இதெல்லாம் இவளுக்குக் கைவந்த கலை சார். பேஜ்ல பேரை எப்படி மாத்தறதுன்னு எனக்குக் காட்டிக்குடுத்ததே இவதான்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது போலிருக்கிறது. வாய் திறந்தபடி நின்றது.

ராஜசேகரன் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்குக் காட்டிக்குடுத்தாங்களா சார்?" என்றார். பிறகு தன் ஃபோனை எடுத்தார். "பாஸ்வேர்டைச் சொல்லுங்க. நானே பாத்துக்கறேன்."

இவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பவில்லை. முணுமுணுத்த குரலில் பாஸ்வேர்டைச் சொன்னார். ராஜசேகரன் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பார்த்துவிட்டு, ஃபோனை எல்லோர் பக்கமும் திருப்பினார். அதிலும் நடேசன்தான்.

"பாத்ரூம்ல தண்ணி வரலைன்னு போட்டேன். போட்டுட்டு வந்து படுத்தேன், கண் அசந்துட்டேன்" என்றார் இவர், நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி. "ஸ்ரீகாந்தை அவ்வளவு பேசிட்டு, நான் எப்படி சார்..."

ஸ்ரீகாந்த் ஏதாவது சொல்வான் என்று எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் ஃபோனைப் பார்த்துக்கொண்டு படியேறிப் போய்விட்டான். அதைவிடப் பேசியிருக்கலாம்.

ராஜசேகரன் கன்னியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். சங்கத்தின் சார்பில் என்று முறைப்படிதான் கேட்டார். ரேவதி, "நான் அப்பவே நினைச்சேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். கன்னியம்மா தூண் பக்கம் சாத்திவைத்திருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் தயாராகத்தான் இருந்தேன். நல்லாயிரும்மா என்று சொல்வாள், கையைப் பிடிப்பாள், எனக்கும் ஒரு பாட்டம் அழுதால் தேவலை.

"உனுக்கு எப்பம்மா தெரியும்?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் தெரியும் என்று சொன்னால் நம்பியிருப்பாள்.

"வியாழக்கிழமை சந்தேகம் வந்துச்சு."

"இன்னிக்கு ஞாயித்துக்கெயமை" என்றாள். குரல் ஏறவில்லை. "நடுவுல உன் ஊட்ல வந்து வேல செஞ்சிகினு கீறேன். உன்னாண்டதான் கேட்டேன். பாக்கலாம்னு சொன்ன."

"நிச்சயமாத் தெரியாம எப்படி கன்னியம்மா..." என்று ஆரம்பித்தேன். சனிக்கிழமை என் விரலுக்கடியில் இருந்த பட்டன் ஞாபகம் வந்துவிட்டது.

"இத்தினி நாளா ஊட்ல ஒரு வாய் சோறு எறங்கல எனக்கு. எம் பொண்ணே என்னியக் கேட்டுச்சு, நெசமாலுமே நீ போடலையாம்மான்னு." துடைப்பத்தின் நுனியைத் தரையில் தட்டிச் சமமாக்கினாள். "நாளிக்கு எல்லார் ஊட்டுக்கும் வருவேன். உன் ஊட்டுக்கு மட்டும் வேற ஆளப் பாத்துக்கம்மா."

சொல்லிவிட்டுக் குனிந்து, நாற்காலி போட்டிருந்த இடத்தைப் பெருக்க ஆரம்பித்தாள். நான் நின்றிருந்த இடம் வந்ததும் நிறுத்தினாள். நான் நகர்ந்துகொண்டேன்.